பல வகைசார் மாறிகள் கொண்ட தரவுக்கு எந்த விளக்கப்படம்? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாலினம், வகுப்பு, மாவட்டம், ஆம் அல்லது இல்லை என்ற விடை போன்ற வகைசார் மாறிகள் ஒன்றிரண்டு மட்டும் இருக்கும்வரை படம் வரைவதில் யாரும் பெரிதாகத் திண்டாடுவதில்லை. மூன்றாவது மாறி வந்து சேரும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. மென்பொருள் பத்துப் பதினைந்து படவகைகளை வரிசையாகக் காட்டும். எதைச் சொடுக்கினாலும் ஏதோ ஒரு படம் வரும். வந்ததைப் பார்த்து யாருக்கும் எதுவும் விளங்காது. ஓர் ஆய்வறிக்கைக்காக இந்தப் பாதையில் நான் நிறையவே அலைந்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக, செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்தித் தருகிறேன்.

கட்டுரை முழுக்க ஒரே தரவை எடுத்துக்கொள்கிறேன்: 1912-இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலில் இருந்தவர்களின் அட்டவணை. ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளை நிறுவினாலே இது கூடவே வந்துவிடும். மொத்தம் 2,201 பேர். பயண வகுப்பு, பாலினம், வயது, பிழைத்தாரா என்ற நான்கு மாறிகள். பிழைத்தவர்கள் 711 பேர். சிறிய தரவுதான் என்றாலும், உங்கள் கள ஆய்வில் வரக்கூடிய சிக்கல்கள் பெரும்பாலும் இதிலேயே இருக்கின்றன.

1. முதலில் தரவுக் கோப்பைப் பாருங்கள்

படத்தைத் தொடுவதற்கு முன் இரண்டு ஆவணங்கள் உங்கள் கையில் இருக்க வேண்டும். ஒன்று, தரவுக் கோப்பு. மற்றொன்று, எந்தக் குறியீடு எதைக் குறிக்கிறது, விடை இல்லாத இடத்தில் என்ன இட்டிருக்கிறார்கள் என்பதை விளக்கும் குறியீட்டுப் பட்டியல். இரண்டாவது இல்லையென்றால் தரவைத் தந்தவரிடம் கேட்டு வாங்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஊகித்து எழுதிய குறியீடு கடைசி நாளில்தான் காலை வாரும்.

தரவு இரண்டு வடிவங்களில் வரலாம். ஆளுக்கு ஒரு வரி என்பது ஒரு வடிவம். ஒரே மாதிரியானவர்களைச் சேர்த்து, பக்கத்தில் எண்ணிக்கையை எழுதிய நிகழ்வெண் அட்டவணை என்பது மற்றொன்று. ஆரில் உள்ள டைட்டானிக் தரவு இரண்டாவது வகை: நான்கு வகுப்புகள் (மூன்று பயண வகுப்புகள், நான்காவதாகக் கப்பல் சிப்பந்திகள்), இரண்டு பாலினங்கள், இரண்டு வயதுப் பிரிவுகள், இரண்டு முடிவுகள் என மொத்தம் 32 சேர்க்கைகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணிக்கை. இதை வரிகளும் பத்திகளும் கொண்ட மேசைத்தரவாக (data frame) மாற்றி, எண்ணிக்கைப் பத்தியைக் குறிப்பிடாமல் நேரடியாகப் பட்டைப் படம் வரையச் சொன்னால், நான்கு வகுப்புகளின் பட்டைகளும் சரிசமமாக 8 என்ற உயரத்தில் வந்து நிற்கும். மென்பொருள் ஆட்களை எண்ணாமல் வரிகளை எண்ணிவிட்டது என்று பொருள். எக்செலில் தரவைத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிளிலும் இதே பொறி உண்டு: ‘கவுன்ட்’ (எண்ணுதல்) என்று இருப்பதை ‘சம்’ (கூட்டுதல்) என்று மாற்ற வேண்டும். பட்டைகள் ஐயத்துக்கு இடமளிக்கும் அளவுக்கு ஒழுங்காக இருந்தால் இதைத்தான் முதலில் சோதியுங்கள்.

மற்றொரு பொறி, எண்களாகக் குறிக்கப்பட்ட வகைகள். தரவுத் தொகுப்புகளைப் பகிரும் காகில் (Kaggle) தளத்தில் பயிற்சிக்காகத் தரப்படும் டைட்டானிக் கோப்பு வேறு; அதில் 891 பயணிகள் மட்டுமே இருக்கிறார்கள், சிப்பந்திகள் இல்லை, வகுப்பு 1, 2, 3 என்று எண்ணாக இருக்கிறது. அப்படியே விட்டால் மென்பொருள் அதை அளவிடத்தக்க எண்ணாகக் கருதிச் சராசரி வகுப்பு 2.3 என்றுகூடக் கணக்கிட்டுத் தரும். இத்தகைய பத்திகளை முதலிலேயே வகை என்று அறிவித்து, எண்ணுக்குப் பதில் பெயரை எழுதிவிடுங்கள். அதே கோப்பில் 177 பேருக்கு வயது விவரம் இல்லை. விடுபட்டவர்களைச் சத்தமில்லாமல் நீக்கிவிடாமல், ‘தெரியவில்லை’ என்று தனி வகையாக வைப்பதா, நீக்கிவிட்டுப் படத்தின் அடியில் எண்ணிக்கையைக் குறிப்பிடுவதா என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள்.

2. கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதுங்கள்

‘வகுப்பு, பாலினம், பிழைத்தல் ஆகியவற்றுக்கிடையே உள்ள தொடர்பு’ என்பது கேள்வி ஆகாது, அது தலைப்பு. ‘ஒரே வகுப்பில் பயணம் செய்த ஆண்களையும் பெண்களையும் ஒப்பிட்டால், பிழைத்த விழுக்காட்டில் எவ்வளவு வேறுபாடு இருந்தது?’ என்பது கேள்வி. இப்படி எழுதியவுடன் மூன்று விடைகள் தாமாகவே கிடைத்துவிடுகின்றன. விளைவு மாறி எது? பிழைத்தல். எந்த இரண்டை அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும்? ஆண், பெண். எது பிரித்துக் காட்டும் மாறி? வகுப்பு.

ஒப்பிட வேண்டியவை படத்தில் அடுத்தடுத்து, ஒரே அடிக்கோட்டில் இருக்க வேண்டும் என்பது இந்த வேலையின் ஆதார விதி. பொதுவான ஓர் அளவுகோலில் உள்ள இடங்களை ஒப்பிடுவதில்தான் மனிதக் கண் மிகக் குறைவாகத் தவறுகிறது. நீளம், கோணம், பரப்பு என்று போகப்போகத் துல்லியம் குறைகிறது என்பதை புள்ளியியலாளர்கள் கிளீவ்லண்டும் மக்கில்லும் 1984-இல் சோதனைகள் மூலம் காட்டினார்கள். வட்ட விளக்கப்படம் கோணத்தையும் பரப்பையும் நம்பியிருப்பதால், பல மாறிகள் உள்ள இடத்தில் அதைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. முப்பரிமாண வட்டப்படத்தைப் பற்றிப் பேசவே தேவையில்லை.

3. விழுக்காடு எதன்மேல் என்பதைத் தீர்மானியுங்கள்

அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். பிழைத்த 711 பேரில் சிப்பந்திகள் 212, முதல் வகுப்பினர் 203, மூன்றாம் வகுப்பினர் 178, இரண்டாம் வகுப்பினர் 118. இந்த 711-ஐ அடிப்படையாக வைத்து ஒரு பட்டைப் படம் வரைந்தால் சிப்பந்திகளே முன்னணியில் நிற்பார்கள், கிட்டத்தட்ட 30 விழுக்காடு. படத்தைப் பார்ப்பவர், சிப்பந்திகள் தங்களை முதலில் காப்பாற்றிக்கொண்டார்கள் என்று எளிதில் எண்ணிவிடுவார். ஆனால் கப்பலில் இருந்த சிப்பந்திகள் 885 பேர். அந்த 885-இன்மேல் கணக்கிட்டால் பிழைத்தவர்கள் 24.0 விழுக்காடுதான், நான்கு பிரிவுகளிலும் இதுவே மிகக் குறைவு. முதல் வகுப்பில் 325 பேரில் 203 பேர், அதாவது 62.5 விழுக்காட்டினர் பிழைத்தார்கள். இரண்டாம் வகுப்பில் இது 41.4, மூன்றாம் வகுப்பில் 25.2.

இரண்டு கணக்குகளும் சரியானவையே. அவை விடை சொல்லும் கேள்விகள்தாம் வேறு. பொதுவாக, காரணமாகக் கருதும் மாறியின் ஒவ்வொரு வகையையும் 100 என்று வைத்து, அதற்குள் விளைவு எப்படிப் பிரிகிறது என்று காட்டுவதே பொருத்தமானது. படத்தின் அச்சில் ‘விழுக்காடு’ என்று மட்டும் எழுதிவிட்டு விடாதீர்கள். ‘அந்தந்த வகுப்பில் இருந்தவர்களில் பிழைத்தவர்கள், விழுக்காட்டில்’ என்று முழுமையாக எழுதுங்கள். அப்படி எழுத முயலும்போது வாக்கியம் அமையவில்லை என்றால், விழுக்காட்டை எதன்மேல் கணக்கிட்டோம் என்பது உங்களுக்கே இன்னும் தெளிவாகவில்லை என்று கொள்ளலாம்.

4. மாறிகளைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள்

நான்கு மாறிகளையும் ஒரே படத்தில் திணிப்பதற்கு முன், இரண்டைச் சேர்த்து ஒன்றாக்க வழி இருக்கிறதா என்று யோசியுங்கள். டைட்டானிக் தரவில் பாலினத்தையும் வயதையும் இணைத்து ஆண்கள், பெண்கள், குழந்தைகள் என்று மூன்று வகையுள்ள ஒரே மாறியாக்கலாம். ஆண்கள் 1,667 பேரில் 338 பேரும், பெண்கள் 425 பேரில் 316 பேரும், குழந்தைகள் 109 பேரில் 57 பேரும் பிழைத்திருக்கிறார்கள்.

இப்படிச் சேர்ப்பது இடத்தை மிச்சப்படுத்துவதற்கு மட்டும் அன்று. இரண்டாம் வகுப்பில் ஆண் என்று பதிவானவர்களில் பிழைத்தவர்கள் 179-க்கு 25, அதாவது 14.0 விழுக்காடு. அவர்களில் 11 பேர் சிறுவர்கள். அந்தப் 11 பேரும் பிழைத்தவர்கள். சிறுவர்களைப் பிரித்தெடுத்தால் வயதுவந்த ஆண்களில் பிழைத்தவர்கள் 168-க்கு 14, வெறும் 8.3 விழுக்காடு. எந்த மாறியை எதனுடன் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்துப் படம் சொல்லும் செய்தி இந்த அளவுக்கு மாறும்.

5. படத்தைத் தேர்ந்தெடுங்கள்

இரண்டு மாறிகள் என்றால் அதிகம் யோசிக்க வேண்டாம். எண்ணிக்கையை ஒப்பிட அருகருகே நிற்கும் பட்டைகள்; விளைவுக்கு ஆம், இல்லை என இரண்டே வகைகள் இருந்தால் விழுக்காட்டுக்கு ஒற்றைப் பட்டை. பிழைத்தவர் 62.5 என்று காட்டிய பிறகு இறந்தவர் 37.5 என்று இன்னொரு பட்டை போடுவது இடத்தை வீணாக்குவதுதான்.

விளைவுக்கு மூன்றோ அதற்கு மேலோ வகைகள் இருந்து, ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ முதல் ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை என்பதுபோல் ஒரு வரிசையும் இருந்தால், நூறு விழுக்காட்டு அடுக்குப் பட்டை நன்றாக உதவும். ஆனால் அதில் இரண்டு ஓரங்களில் உள்ள துண்டுகளை மட்டுமே கண்ணால் ஒப்பிட முடியும், நடுத் துண்டுகளுக்குப் பொதுவான அடிக்கோடு கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். முக்கியமான வகையை ஓரத்தில் வைப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

மூன்று மாறிகளுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது புள்ளிப்படம். கிடையச்சில் 0 முதல் 100 வரை விழுக்காடு, இடப்பக்கம் மேலிருந்து கீழாக நான்கு பிரிவுகள், ஒவ்வொரு வரியிலும் ஆண்களுக்கு ஒரு புள்ளி, பெண்களுக்கு ஒரு புள்ளி, இரண்டையும் இணைக்கும் ஒரு மெல்லிய கோடு. வயதைக் கணக்கில் எடுக்காமல் வரைந்தால் முதல் வகுப்பில் பெண்கள் 97, ஆண்கள் 34; இரண்டாம் வகுப்பில் 88, 14; மூன்றாம் வகுப்பில் 46, 17; சிப்பந்திகளில் 87, 22. எட்டே புள்ளிகள்தாம். ஆனால் பார்த்தவுடன் மூன்று செய்திகள் தெரிகின்றன. ஆண்களின் புள்ளிகள் எல்லாம் இடப்பக்கம் 14-க்கும் 34-க்கும் இடையே நெருங்கி நிற்கின்றன. பெண்களின் புள்ளிகளில் மூன்றாம் வகுப்பு மட்டும் பாதிவழிக்குச் சரிந்துவிட்டது. இரண்டாம் வகுப்பு ஆண்கள் மூன்றாம் வகுப்பு ஆண்களையும்விடக் கீழே இருக்கிறார்கள். இந்த மூன்றாவது செய்தி, எண்ணிக்கைகளை அடுக்கிய பட்டைப் படத்தில் யார் கண்ணிலும் படாது.

எக்செலில் இதற்கென்று தனிப் படவகை இல்லை. புள்ளிக்குறிகளுடன் கூடிய கோட்டுப்படத்தைத் தேர்ந்தெடுத்து, கோடுகளை நீக்கிவிட்டு, ‘ஹை-லோ லைன்ஸ்’ என்பதைச் சேர்த்தால் இதே படம் செங்குத்தாகக் கிடைக்கும்.

நான்காவது மாறி வந்தால் படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரிப்பதே பாதுகாப்பான வழி: ஒவ்வொரு கட்டத்திலும் அதே வகைப் படம், அதே அச்சு, அதே வரிசை. கட்டங்களை எக்செலில் தனித்தனியாக வரைபவர்கள் கவனிக்க வேண்டியது, அச்சின் உச்சத்தை மென்பொருள் தானாகவே தீர்மானிக்கும் என்பது. ஒரு கட்டம் 60-இலும் அடுத்த கட்டம் 100-இலும் முடிந்தால் ஒப்பீடே பொய்யாகிவிடும். எல்லாவற்றுக்கும் 0, 100 என்று கையால் இட்டுவிடுங்கள். ஆரில் படம் வரைய உதவும் ஜிஜிபிளாட்2 (ggplot2) தொகுப்பைப் பயன்படுத்துவோர் அளவுகோலைக் கட்டத்துக்குக் கட்டம் மாற விடும் தெரிவைத் தொடாமல் இருந்தாலே போதும்.

மொசைக் படம் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு சதுரத்தை முதலில் வகுப்புவாரியாக அகலத்தில் வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பாலினவாரியாக உயரத்தில் வெட்டி, பிறகு பிழைத்தலுக்கு ஏற்ப மறுபடியும் வெட்டுவார்கள். பரப்பு எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். சிப்பந்திகளின் துண்டு மொத்த அகலத்தில் 40 விழுக்காட்டைப் பிடித்துக்கொள்ள, அதில் பெண்களுக்கு உரிய பகுதி, 885-க்கு 23 பேர் என்பதால், ஒரு கீற்றாக மட்டுமே தெரியும். யார் எத்தனை பேர், அவர்களுக்குள் எப்படிப் பிரிந்தார்கள் என்ற இரண்டையும் ஒருங்கே காட்டும் படம் இதைப்போல் வேறு இல்லை. ஆயினும் பழகாதவர்களுக்கு இதைப் படிக்கத் தெரியாது. தரவை நீங்கள் புரிந்துகொள்வதற்கு முதல் நாளிலேயே வரைந்து பாருங்கள். ஆய்வேட்டில் ஒரு பத்தி விளக்கத்துடன் சேருங்கள். பொதுமக்களுக்கான அறிக்கையில் வேண்டாம். எக்செலில் உள்ள ‘ட்ரீமேப்’ மொசைக் படம் அன்று. பெட்டிகளைத் தன் வசதிக்கு அடுக்கிக்கொள்ளும் அந்தப் படத்தில் வகைகள் ஒரே கோட்டில் நிற்பதில்லை.

பட்டைகள் ஆறுபோல் ஓடிப் பிரியும் சாங்கி வகைப் படங்கள் கருத்தரங்குகளில் கைதட்டல் வாங்கும். எந்த ஓடை எவ்வளவு தடிமன் என்று கேட்டால் வரைந்தவருக்கே தெரியாது. ஒரே ஆட்கள் காலப்போக்கில் ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கு மாறியதைக் காட்டுவதற்கு மட்டும் அதை ஒதுக்கி வையுங்கள்.

‘பொருந்துவன எல்லாவற்றையும் குறியிடுக’ என்ற வகைக் கேள்விகளுக்கு அடுக்குப் பட்டையும் வட்டப்படமும் அறவே கூடாது; ஒருவர் பல விடைகளைக் குறித்திருப்பதால் கூட்டுத்தொகை 100-ஐத் தாண்டும். ஒவ்வொரு விடைக்கும் தனித்தனிக் கிடைப்பட்டை போதும். எந்தெந்த விடைகள் சேர்ந்து வந்தன என்பதே கேள்வி என்றால் விடைச் சேர்க்கைகளைப் புள்ளிகளாலும் அவற்றின் எண்ணிக்கையைப் பட்டைகளாலும் காட்டும் அப்செட் (UpSet) படத்தைத் தேடிக் கற்றுக்கொள்ளுங்கள்.

6. மறைந்திருக்கும் மாறியைச் சோதியுங்கள்

மூன்றாம் வகுப்பினர் 25.2, சிப்பந்திகள் 24.0 என்று மேலே பார்த்தோம். இதை மட்டும் படமாக்கினால் மூன்றாம் வகுப்பினரின் நிலை சற்றே மேல் என்று தோன்றும். பாலினவாரியாகப் பிரித்துப் பாருங்கள்: ஆண்களில் சிப்பந்திகள் 22.3, மூன்றாம் வகுப்பினர் 17.3, பெண்களில் சிப்பந்திகள் 87.0, மூன்றாம் வகுப்பினர் 45.9. இரண்டு பாலினங்களிலும் சிப்பந்திகளே மேல்; சேர்த்துப் பார்த்தால் மட்டும் கீழ். பெண்கள் அதிகம் காப்பாற்றப்பட்டார்கள், மூன்றாம் வகுப்பில் 706 பேரில் 196 பேர் பெண்கள், சிப்பந்திகளில் மிகச் சிலரே பெண்கள் என்பதுதான் இதற்குக் காரணம். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1973-ஆம் ஆண்டு மாணவர் சேர்க்கைத் தரவிலும் இதே புரட்டு நடந்ததைப் புள்ளியியல் வகுப்புகளில் இன்றும் பாடமாக நடத்துகிறார்கள்.

ஆகவே இரண்டு மாறிகளுக்கான படம் ஒன்றை அறிக்கையில் சேர்ப்பதற்கு முன், கையில் உள்ள மற்ற ஒவ்வொரு மாறியாலும் அதைப் பிரித்து வரைந்து பார்த்துவிடுங்கள். திசை மாறவில்லை என்றால் எளிய படமே போதும். மாறினால் பிரித்த படத்தைத்தான் வெளியிட வேண்டும்.

7. சிறிய எண்ணிக்கைகளும் வெற்றுக் கட்டங்களும்

இந்த அட்டவணையின்படி முதல் வகுப்பில் சிறுமி ஒரே ஒருத்தி, அவள் பிழைத்தாள். விழுக்காடாக எழுதினால் 100. படத்தில் அந்தப் புள்ளி, நூற்றுக்கணக்கானோரைக் குறிக்கும் புள்ளிகளுக்குச் சமமான மிடுக்குடன் உட்கார்ந்திருக்கும். எனவே ஒவ்வொரு வகையின் பெயருக்குப் பக்கத்திலும் மொத்த எண்ணிக்கையை எழுதுங்கள். இருபதுக்கும் குறைவானவர்கள் உள்ள பிரிவுக்கு விழுக்காடு கொடுக்காமல், ‘6-க்கு 6’ என்பதுபோல் எண்ணிக்கையாகவே எழுதுவது என் வழக்கம்.

சிப்பந்திகளில் குழந்தை என்று பதிவானவர் யாருமில்லை. அந்தக் கட்டத்தில் 0 விழுக்காடு என்று ஒரு புள்ளி வைத்துவிட்டால், குழந்தைகள் இருந்து ஒருவர்கூடப் பிழைக்கவில்லை என்று ஆகிவிடும். ஆள் இல்லாத இடத்தை வெறுமையாக விட வேண்டும். மாறாக, முதல் இரண்டு வகுப்புகளில் இறந்த குழந்தைகள் 0 என்பது உண்மையான பூச்சியம், அதைக் காட்டியே ஆக வேண்டும்: அந்த வகுப்புகளின் 30 குழந்தைகளும் பிழைத்திருக்க, மூன்றாம் வகுப்பில் 79 பேரில் 27 பேரே பிழைத்ததாக இத்தரவு சொல்கிறது.

8. வரிசை, நிறம், தமிழ் எழுத்து

வகைகளுக்கு இயல்பான வரிசை இருந்தால் அதைக் காப்பாற்றுங்கள். இல்லையென்றால் அளவின்படி இறங்குவரிசையில் அடுக்குங்கள். மென்பொருள் தரும் அகரவரிசை பெரும்பாலும் யாருக்கும் பயன்படாது. நிறங்களில் சிவப்பும் பச்சையும் எதிரெதிராக வருவதைத் தவிருங்கள். ஆண்களில் கணிசமானோருக்கு அவை பிரித்தறிய முடியாதவை. ஆர் 4.0 முதல் உள்ளடங்கியே வரும் ஒகாபே–இட்டோ நிறத்தொகுதி இதற்கென்றே உருவானது. நிறத்துடன் புள்ளியின் வடிவத்தையும் மாற்றிவிட்டால் கறுப்பு வெள்ளை அச்சிலும் படம் பிழைக்கும்.

தமிழில் வகைப்பெயர்கள் நீளமானவை. ‘உதவித்தொகை பெறாதவர்கள்’ என்பதைச் செங்குத்துப் பட்டையின் அடியில் சாய்த்து எழுதிப் படிப்பவரின் கழுத்தைத் திருக வேண்டாம். கிடைப்பட்டையாக மாற்றினால் பெயர் இயல்பாக அமரும். பைத்தான் நிரல்மொழியில் படம் வரையும் தொகுப்பான மேட்பிளாட்லிப்பில் எகர, ஒகரக் குறிகள் இடம் மாறிச் சிதறும் தொல்லை நெடுநாளாக உண்டு. ஆரில் ராக் (ragg) என்ற தொகுப்பின் வழியாகப் படத்தைச் சேமித்தால், நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோட் எழுத்துருவுடன் சரியாக வருகிறது. எக்செலிலும் லிப்ரே ஆபிஸிலும் இந்தச் சிக்கல் பொதுவாக இல்லை.

9. செலவும் நேரமும்

ஆர், பைத்தான், லிப்ரே ஆபிஸ் ஆகிய மூன்றும் இலவசம். எக்செலுக்கு உரிமம் வேண்டும் என்றாலும் கல்லூரியிலோ அலுவலகத்திலோ பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும்; இந்த வேலைக்காகத் தனியே பணம் கட்டி எதையும் வாங்க வேண்டியதில்லை. உண்மையான செலவு அச்சில்தான் வருகிறது. வண்ணப் பக்கத்துக்கான கட்டணம் கறுப்பு வெள்ளையைப்போல் பல மடங்கு; ஆய்வேட்டுக்கு ஐந்து படிகள் என்றால் ஒவ்வொரு வண்ணப் படத்துக்கும் ஐந்து முறை பணம் கொடுக்கிறீர்கள். சாம்பல் நிறச் சாயல்களில் தெளிவாகத் தெரியும்படி வரைந்துவிட்டால் அந்தத் தொகை மிச்சம்.

நேரத்தில் பெரும்பங்கு முதல் படிக்கே போகும். குறியீடுகளைச் சீர்செய்து விடுபட்டவற்றைக் கணக்கெடுக்க இரண்டு நாட்கள் ஒதுக்கினால், படங்களை வரைய ஒரு நாள் போதும். ஆரை அப்போதுதான் கற்கிறீர்கள் என்றால் அதற்கென்று இரண்டு வாரங்களாவது கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். சமர்ப்பிக்க ஒரு வாரமே இருக்கிறது என்றால் எக்செலிலேயே முடித்துவிடுவது நல்லது. வழிகாட்டியோ மேலாளரோ ‘இந்த இரண்டு பிரிவுகளையும் சேர்த்துவிடுங்கள்’ என்று கட்டாயம் ஒருமுறையாவது சொல்வார். நிரல் எழுதி வைத்திருப்பவருக்கு அது ஒரு வரி மாற்றம், கையால் வரைந்தவருக்கு அரைநாள் வேலை.

கொடுக்கும்போது படத்துடன் மூன்று கோப்புகளைச் சேர்த்து வையுங்கள்: படத்துக்கு அடிப்படையான எண்ணிக்கை அட்டவணை, நிரல் அல்லது எக்செல் கோப்பு, 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) தெளிவில் சேமித்த படக்கோப்பு. இதழுக்கு அனுப்புவதாக இருந்தால் அங்கே கேட்கும் அகலத்தை முதலில் பார்த்து, அந்த அளவிலேயே படத்தை வரையுங்கள். பெரிதாக வரைந்து சுருக்கினால் எழுத்துகள் எறும்பாகிவிடும். பிடிஎஃப் ஆக மாற்றிய பிறகு வேறொரு கணினியில் திறந்து, ஒற்றெழுத்துகளும் கொம்புகளும் தத்தம் இடத்தில் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு படத்தையும் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.